மொரின்யோவின் ‘மூணாவது சீசன்’: அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா?

நடுக்கோடு எழுதியது:

போர்த்துகீசிய ஃபுட்பால் மேனேஜர் ஜோசே மொரின்யோ பேச்சை எடுத்தாலே யாராவது ஒருத்தர் “மூணாவது சீசன்ல கவுந்துடுவார்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் “டிரெஸ்ஸிங் ரூமை இழந்துட்டார்” (ஆட்டக்காரர்கள் இனி அவர் பேச்சைக் கேட்பதில்லை) என்பதோடு சரி, அதற்கு மேல் பதில் வருவதில்லை. போர்ட்டோவில் ஆரம்பித்து இன்றுவரைக்கும் அவருடைய வாழ்க்கையை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும். கேள்விகள் மூன்று.

1. புள்ளிக் கணக்கில் பார்த்தால் மூணாவது சீசன் சரிவு உண்மையா? எந்தெந்த கிளப்பில்?
2. உண்மை என்றால் காரணம் என்ன? அவருடைய பயிற்சி முறையா, ஆட்களா, வேறு ஏதாவதா?
3. இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள எந்த மேட்ச்களைப் பார்க்கலாம்? அதில் எதைக் கவனிக்க வேண்டும்?

“ஈகோ”, “பஸ் பார்க்கிங்” (எல்லோரும் பின்னே நின்று கோலை மறைப்பது) ரகப் பதில்கள் வேண்டாம். ஆட்டம், பயிற்சி, ஆள் தேர்வு பற்றி மட்டும் சொன்னால் போதும்.


ஆறாம்நம்பர் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். லீக் கணக்கை எடுத்துப் போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

செல்சி, முதல் முறை: 2004-05 இல் 95 புள்ளி, 2005-06 இல் 91, 2006-07 இல் 83.
ரியல் மாட்ரிட்: 2010-11 இல் 92, 2011-12 இல் 100, 2012-13 இல் 85.
செல்சி, இரண்டாம் முறை: 2013-14 இல் 82, 2014-15 இல் 87, 2015-16 இல் 16 மேட்ச்சுக்கு 15 புள்ளி. டிசம்பர் 17 அன்று வேலை போனது.
மான்செஸ்டர் யுனைடெட்: 2016-17 இல் 69, 2017-18 இல் 81, 2018-19 இல் 17 மேட்ச்சுக்கு 26. டிசம்பர் 18 அன்று வேலை போனது.
ரோமா: 2021-22 இல் 63, 2022-23 இலும் 63, 2023-24 இல் 20 மேட்ச்சுக்கு 29. ஜனவரி 16 அன்று வேலை போனது.

போர்ட்டோ இந்தப் பட்டியலில் வராது. 2002 ஜனவரியில் வந்து 2004 கோடையில் கிளம்பிவிட்டார், மொத்தம் இரண்டரை சீசன். இன்டர் இரண்டே சீசன். டாட்டன்ஹாம், ஃபெனர்பாஷே இரண்டிலும் மூணாவது சீசன் என்று ஒன்று வரவே இல்லை.

ஆக, மூணாவது சீசன் என்று ஒன்று நடந்தது ஐந்தே ஐந்து முறை. அதில் முதல் இரண்டும் சரிவு என்ற சொல்லுக்கே பொருந்தாது. 2006-07 செல்சி லீக்கில் இரண்டாம் இடம் பிடித்து, எஃப்ஏ கப், லீக் கப் இரண்டையும் தூக்கியது. 24 கோல்தான் வாங்கியது. வேறு மேனேஜராக இருந்தால் அதை நல்ல சீசன் என்றே எழுதியிருப்பார்கள். 2012-13 ரியலும் இரண்டாம் இடம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. ஆனால் பார்சிலோனா 100 புள்ளி எடுத்ததால் 15 புள்ளி பின்தங்கியது, ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபாவின் இறுதியில் அத்லெட்டிகோவிடம் எக்ஸ்ட்ரா டைமில் 1-2 தோல்வி. சூழல் கெட்டுப்போயிருந்தது நிஜம்தான், ஆட்டம் அந்த அளவுக்குக் கெடவில்லை.

நிஜமான உடைப்பு பிந்தைய மூன்றில்தான். அங்கேயும் புள்ளியைவிட வாங்கிய கோலைப் பாருங்கள். 2014-15 செல்சி 38 மேட்ச்சில் 32 கோல் வாங்கியது, அடுத்த சீசனில் 16 மேட்ச்சிலேயே 26. யுனைடெட் 2017-18 முழுக்க வாங்கியது 28, அடுத்த சீசனில் 17 மேட்ச்சில் 29. டிஃபென்ஸை நம்பிப் பிழைக்கிற மேனேஜரின் அணி இப்படி ஆவது சாதாரண ஃபார்ம் கோளாறு இல்லை, அஸ்திவாரமே ஆடுகிறது என்று அர்த்தம். ஏன் ஆடியது என்பதைப் பயிற்சி பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


பயிற்சிநோட்டு எழுதியது:

மேலே உள்ள கணக்கோடு ஒத்துப்போகிறேன். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொரின்யோவின் வேலை முறைக்கு அடிப்படை போர்ட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வீட்டோர் ஃப்ராடே உருவாக்கிய ‘டாக்டிகல் பீரியடைசேஷன்’. உடல் பயிற்சி தனி, பந்துப் பயிற்சி தனி என்று பிரிப்பதில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாம் பந்தோடுதான், எல்லாமே அணி ஆடப்போகிற விதத்தை ஒட்டித்தான். மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது, மலை ஏறவிடுவது எல்லாம் கிடையாது. இந்த வேலையில் மொரின்யோவின் வலது கை ருய் ஃபாரியா. மொரின்யோ லெய்ரியா கிளப்பில் இருந்தபோது சேர்ந்தவர், 2018 வரை கூடவே இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஞாயிறு மேட்ச், அடுத்த ஞாயிறு மேட்ச் என்றால் அந்த வாரம் தோராயமாக இப்படிப் போகும்:

திங்கள் விடுமுறை. செவ்வாய் உடல் தேறுவதற்கு, லேசான பந்து வேலை.

புதன் ‘டென்ஷன்’ நாள். சின்ன இடம், 2-க்கு-2 முதல் 4-க்கு-4 வரை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் முழு வேகத்தில் மோதல், பிறகு நன்றாக ஓய்வு. சட்டென்று நிற்பது, திரும்புவது, எகிறுவது எல்லாம் இங்கே நிறைய வரும். சொல்லித்தருவது சின்னச் சின்ன விஷயங்கள். உதாரணமாக, பந்து ஃபுல்பேக்கிடம் (ஓரத்து டிஃபெண்டர்) போகும்போது பக்கத்து சென்டர்பேக் (நடு டிஃபெண்டர்) எத்தனை அடி நகர வேண்டும் என்பது.

வியாழன் ‘நீடிப்பு’ நாள். பெரிய மைதானம், 8-க்கு-8 முதல் 11-க்கு-11 வரை, நீளமான தொகுப்புகள். முழு அணியின் நகர்வு இங்கேதான் பதிகிறது. பந்தை இழந்த கணத்தில் யார் நெருக்குவது, யார் பின்னே மூடுவது என்பதெல்லாம் வியாழக்கிழமைப் பாடம்.

வெள்ளி ‘வேக’ நாள். எதிராளி இல்லாமலோ, குறைவாக வைத்தோ, தசைக்குப் பாரம் ஏறாமல் வேகமான முடிவுகள். சனி அரை மணி, முக்கால் மணி உடலை எழுப்பிவிடுகிற வேலை, கார்னர், ஃப்ரீகிக் ஒத்திகை.

இதில் கோளாறு எங்கே வரும்? புதன்கிழமை ஓய்வு நேரத்தைக் குறைத்தால் அது மோதல் பயிற்சியாக இல்லாமல் மூச்சுப் பயிற்சியாகிவிடும். வியாழன் மைதானத்தைச் சுருக்கினால் இன்னொரு புதன் ஆகிவிடும், தசை இரண்டு நாள் தொடர்ந்து அடி வாங்கும். புதன் வேலையை வெள்ளிக்குத் தள்ளினால் ஞாயிறு கால் கனக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு, புதன், ஞாயிறு என்று வாரம் இரண்டு மேட்ச் வந்தால் இந்த அட்டவணையில் என்ன மிஞ்சும்? தேறுவது, எழுப்புவது, மேட்ச், மறுபடி தேறுவது, எழுப்புவது, மேட்ச். கற்றுக்கொடுக்கிற புதனும் வியாழனும் காணாமல் போய்விடும். 2006-07 செல்சி ஆடியது லீக் 38, சாம்பியன்ஸ் லீக் 12, எஃப்ஏ கப் 7, லீக் கப் 6, கம்யூனிட்டி ஷீல்டு 1, ஆக 64. அந்த சீசனில் கற்றுத்தரக் கிடைத்த வாரம் எத்தனை இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அவர் போர்ட்டோவில் இருந்தபோது லீக்கில் 18 கிளப், 34 மேட்ச்தான்.

ஆகவே இந்த முறை ஏற்கெனவே கற்ற அணியைத்தான் நம்பியிருக்கிறது. முதல் சீசனில் பாடம் பதியும், இரண்டாவதில் யோசிக்காமலே கால் போகும். அவருடைய பெரிய வெற்றிகளை எண்ணிப் பாருங்கள். 2003-04, 2009-10, 2011-12, 2014-15, எல்லாமே முதல் முழு சீசனுக்கு அடுத்த சீசன். 2002-03 போர்ட்டோ, 2004-05 செல்சி போன்றவை விதிவிலக்கு, செல்சியிலும் பாவ்லோ ஃபெரேராவும் ரிக்கார்டோ கார்வால்யோவும் பாடம் தெரிந்தே வந்தவர்கள். மூணாவதில் பழைய ஆட்கள் போய்ப் புது ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குக் கற்றுத்தர நாள் இருக்காது. டிஃபென்ஸ் லைனில் பாடம் தெரியாதவர் ஒருவர் நின்றாலே மற்ற மூவரும் எங்கே நிற்பது என்று தடுமாறுவார்கள்.


சுவீப்பர் எழுதியது:

பயிற்சிநோட்டு சொன்ன அட்டவணை சரி. ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட முடியாது. வாரம் இரண்டு மேட்ச் யுனைடெட்டின் பழைய மேனேஜர் ஃபெர்குசனுக்கும்தான் இருந்தது. அவர் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்.

என் கணக்கில் காரணம் ஆள் தேர்வு. போர்ட்டோவில் அவர் யாரையெல்லாம் கொண்டுவந்தார் என்று பாருங்கள். டெர்லெய், நூனோ வாலென்ட்டே இருவரும் அவரே பயிற்சி கொடுத்த யூனியாவ் டி லெய்ரியாவிலிருந்து. பாவ்லோ ஃபெரேரா விட்டோரியா செதூபலிலிருந்து. பெத்ரோ எமானுவேல் போவிஸ்டாவிலிருந்து. மனிஷே பென்ஃபிகாவில் ஓரங்கட்டப்பட்டவர். ஜார்ஜ் கோஸ்டா சார்ல்டனுக்குக் கடனாக அனுப்பப்பட்டவர், அவரைத் திரும்ப அழைத்து மறுபடி கேப்டன் ஆக்கினார். பெரும்பாலும் பெரிய கோப்பை எதையும் பார்க்காதவர்கள், அல்லது ஒதுக்கப்பட்டவர்கள். இப்படிப்பட்டவர்களிடம் “ஓடு” என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

இரண்டு வருஷத்தில் இவர்கள் கையில் என்ன இருந்தது? 2003 மே 21 அன்று செவில்யாவில் செல்டிக்கை எக்ஸ்ட்ரா டைமில் 3-2 என்று வென்று யூஏஃபா கப். 2004 மே 26 அன்று கெல்சன்கிர்ஹனில் மொனாக்கோவை 3-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீக். நடுவில் இரண்டு லீக் பட்டம், ஒரு போர்த்துகீசியக் கோப்பை. அதே ஆட்களை வைத்து மூணாவது முழு சீசன் ஆடியிருந்தால் பசி எங்கிருந்து வந்திருக்கும்? மிட்ஃபீல்டர் டெக்கோ பார்சிலோனாவுக்கும், கார்வால்யோவும் ஃபெரேராவும் செல்சிக்கும் போனார்கள். அடுத்த சீசனில் போர்ட்டோ மூன்று கோச்களைப் பார்த்தது, அதில் முதலாமவர் டெல்னேரி சீசன் தொடங்கும் முன்பே அனுப்பப்பட்டார். மொரின்யோ சரியான நேரத்தில் பஸ் ஏறினார் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது காரணம் முதுகெலும்பு. அவருடைய அணிகள் கோல்கீப்பர், சென்டர்பேக், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர் என்ற நேர்கோட்டில் நிற்பவை. கூடவே ஒரே பதினோரு பேரைத் திரும்பத் திரும்ப இறக்குவார். 2014-15 இல் டெர்ரி லீக்கின் 38 மேட்ச்சிலும் ஒரு நிமிடம் விடாமல் ஆடினார். ஹசார்ட் 38 மேட்ச்சிலும் இறங்கினார். பட்டம் கிடைத்தது. அடுத்த ஆகஸ்டில் அதே கால்கள் பின்தங்கின. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான 0-3 மேட்ச்சில் டெர்ரியை அவரே இடைவேளையில் வெளியே எடுக்க வேண்டி வந்தது. ஒரு சீசன் முழுக்க மாற்றாமல் ஓட்டினால் அடுத்த சீசனில் அதற்கு வட்டி கட்டித்தான் ஆக வேண்டும்.

2006-07 இலும் இதே கதைதான், அங்கே விபத்தும் சேர்ந்துகொண்டது. அக்டோபர் 14 அன்று ரெடிங்கில் பீட்டர் செக்கின் மண்டையோடு உடைந்தது, ஜனவரி 20 வரை அவர் இல்லை. டெர்ரிக்கு முதுகில் அறுவை சிகிச்சை. கல்லாஸை ஆர்செனலுக்குக் கொடுத்துத்தான் ஆஷ்லி கோலை வாங்கியிருந்தார்கள், மாற்று சென்டர்பேக் போதவில்லை. மிட்ஃபீல்டர் எஸ்ஸியன் பின்னே போய் நின்றார். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலுமாக ரெடிங், ஃபுல்ஹாம், வில்லா என்று வரிசையாக மூன்று டிரா. பட்டம் அங்கே நழுவியது. புதிதாக வாங்கிய ஸ்ட்ரைக்கர் ஷெவ்செங்கோ அதிகம் கோல் அடிக்கவில்லை என்பதையே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம்.

இன்னொன்று. அவர் வாழ்க்கையைப் போர்ட்டோவிலிருந்து தொடங்குவது தப்பு. 2000 செப்டம்பரில் கோச் ஹைன்க்கஸுக்குப் பதிலாக பென்ஃபிகாவுக்கு வந்தார். டிசம்பர் 3 அன்று ஸ்போர்ட்டிங்கை 3-0 என்று அடித்தார். அதற்குள் கிளப் தேர்தலில் தலைவர் மாறியிருந்தார், புதியவருக்கு டோனியை கோச் ஆக்குவதில்தான் விருப்பம். ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி மொரின்யோ கேட்டார், மறுத்தார்கள், கிளம்பிவிட்டார். மேலிடம் பின்னால் நிற்கவில்லை என்று தெரிந்தால் பிரச்சினையை உடனே வெளியே இழுத்துவிடுகிற பழக்கம் அங்கேயே இருக்கிறது, முதல் சீசனிலேயே. இதற்கும் மூணாவது சீசனுக்கும் சம்பந்தமில்லை.


பயிற்சிநோட்டு எழுதியது:

சுவீப்பர், முதுகெலும்புக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஃபெர்குசன் ஒப்பீடு பொருந்தாது. அவர் பயிற்சியை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு, சில வருஷத்துக்கு ஒருமுறை உதவியாளரை மாற்றுவார். கார்லோஸ் கெய்ரோஸ் வந்ததும் யுனைடெட் ஐரோப்பிய மேட்ச்களில் ஆடும் விதமே மாறியதைப் பார்த்தோம். (அவரும் போர்த்துகல்காரர்தான்.) மொரின்யோ அப்படி இல்லை, பயிற்சி அவர் கையிலும் ஃபாரியா கையிலும்தான்.

முன்னே சொன்ன பெயர் இங்கே வருகிறது. 2018 மே மாதம் ஃபாரியா விலகினார். பயிற்சியாளர்கள் கேரிக், மெக்கென்னா இருவரும் அந்த இடத்தை நிரப்பினார்கள். இருவரும் திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை, மெக்கென்னா பிறகு இப்ஸ்விச்சில் காட்டினார். ஆனால் பதினேழு வருஷம் ஒரே மொழி பேசிய கூட்டாளி போனதும், உலகக் கோப்பை முடிந்து ஆட்கள் ஆளுக்கொரு தேதியில் வந்து சேர்ந்ததும் ஒரே கோடையில் நடந்தன. சென்டர்பேக் கேட்டார், கிடைக்கவில்லை. வந்தவர்கள் ஃப்ரெட், டாலோட், மூன்றாவது கீப்பர் லீ கிரான்ட். பாடம் நடத்தும் ஆளும் இல்லை, நாளும் இல்லை. பிறகு 17 மேட்ச்சில் 29 கோல் விழுந்ததில் என்ன அதிசயம்?


நடுக்கோடு எழுதியது:

அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. அப்படிப் பார்த்தால் 2010 க்குப் பிறகு இன்டரில் இருந்திருந்தால் அங்கேயும் சரிந்திருப்பாரா? இன்னொன்று, போர்ட்டோ எப்போதும் டைமண்டு மிட்ஃபீல்டுதான் (நாலு மிட்ஃபீல்டர் வைர வடிவில் நிற்பது) ஆடியது என்று படித்தேன். சரியா?


ஆறாம்நம்பர் எழுதியது:

இன்டர் பற்றி: 2010 மே 22 அன்று பெர்னபேயுவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பயர்னை 2-0 என்று வென்ற அணியின் வயதைப் பாருங்கள். ஸனெட்டி 36, லூசியோ 32, சாமுவேல் 32, மிலிட்டோ 30, கம்பியாசோ 29. இத்தாலியில் எந்தக் கிளப்பும் அதுவரை தொடாத மூன்று கோப்பைகளை அந்த சீசனில் அள்ளியவர்கள். அடுத்து வந்த பெனிட்டெஸ் டிசம்பரோடு போய்விட்டார், கிளப் உலகக் கோப்பையை வென்ற கையோடு. மொரின்யோ இருந்திருந்தாலும் அந்த முட்டிகள் இளமையாகியிருக்காது.

அதற்கு முந்தைய கோடையில் நடந்த மாற்றத்தையும் மறந்துவிட வேண்டாம். இப்ராஹிமோவிச்சை பார்சிலோனாவுக்குக் கொடுத்து எட்டோவும் பெரிய தொகையும் வாங்கினார்கள். லூசியோ, ஸ்னைடர், மிலிட்டோ, மோட்டா வந்தார்கள், ஜனவரியில் பண்டேவ். அதாவது இரண்டாவது சீசனிலேயே பாதி முதுகெலும்பு புதிது. பயிற்சிநோட்டின் கொள்கைக்கு இது கொஞ்சம் இடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வந்த எல்லோருமே அனுபவத்தில் முற்றியவர்கள் என்பதால் கற்றுத்தரும் நாள் குறைவாகவே தேவைப்பட்டிருக்கலாம்.

டைமண்டு பற்றி: எப்போதும் இல்லை. லீக்கில் பெரும்பாலும் 4-3-3 (பின்னே 4, நடுவில் 3, முன்னே 3), ஐரோப்பாவில் டைமண்டு. லீக்கில் எதிரணிகள் பின்னே இறங்கி நிற்கும், அகலம் தேவை. ஐரோப்பாவில் நடுவில் பந்தை வைத்திருக்க வேண்டும், அதனால் நாலு மிட்ஃபீல்டர். 2004 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இறங்கிய பதினொன்று: பாயியா, பாவ்லோ ஃபெரேரா, ஜார்ஜ் கோஸ்டா, கார்வால்யோ, நூனோ வாலென்ட்டே, அடியில் கோஸ்டின்யா, இரு பக்கம் பெத்ரோ மென்டஸ், மனிஷே, நுனியில் டெக்கோ, முன்னே டெர்லெய், கார்லோஸ் அல்பெர்ட்டோ.


சுவீப்பர் எழுதியது:

மூணாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. என் தேர்வு இது. முழு மேட்ச் கிடைத்தால்தான் பாருங்கள், ஹைலைட்ஸில் ஒன்றும் தெரியாது.

முதலாவது, 2003 ஏப்ரல் 10, போர்ட்டோ 4, லாட்ஸியோ 1. போர்ட்டோ முதலில் கோல் வாங்கி, பிறகு நாலு அடித்த மேட்ச். பந்தை இழந்த அடுத்த சில நொடிகளை மட்டும் பாருங்கள். பந்துக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் உடனே பாய்கிறார், கோஸ்டின்யா மட்டும் பாயாமல் பின்னே நடுவை மூடி நிற்கிறார். பந்து கிடைத்ததும் எல்லா நேரமும் முன்னே ஓடமாட்டார்கள். பக்கவாட்டில் நாலு பாஸ் போட்டு மூச்சு வாங்குவார்கள். ‘பந்தோடு ஓய்வு’ என்று அவர் சொல்வது இதைத்தான். சின்ன அணி மாதிரி ஒதுங்கி நின்று ஆடி ஜெயித்தார்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த மேட்ச்சே பதில்.

இரண்டாவது, 2005 மார்ச் 8, செல்சி 4, பார்சிலோனா 2. முதல் 19 நிமிடத்தில் மூன்று கோல், குட்யான்சன், லாம்பார்ட், டஃப். பந்து கைமாறிய இடத்திலிருந்து கோல் வரை எத்தனை தொடுதல் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு 27, 38 ஆவது நிமிடங்களில் ரொனால்டீன்யோ இரண்டு திருப்பிக் கொடுத்ததும் செல்சி லைன் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 76 ஆவது நிமிடம் கார்னரில் டெர்ரி தலையால் முடித்தார்.

மூன்றாவது, 2010 ஏப்ரல் 28, கேம்ப் நோவில் பார்சிலோனா 1, இன்டர் 0. இரண்டு மேட்ச் சேர்த்துக் கணக்கிடும் அரையிறுதி இது, முதல் மேட்ச்சில் இன்டர் 3-1 என்று ஜெயித்திருந்தது. வார்ம்-அப்பில் பண்டேவுக்கு அடிபட்டு கீவு உள்ளே வந்தார். 28 ஆவது நிமிடம் மோட்டாவுக்கு ரெட் கார்டு. அதன் பிறகு எட்டோவை மட்டும் தனியாகப் பாருங்கள். முந்தைய வருஷம் இதே மைதானத்தில் கோல் மழை பொழிந்தவர், இப்போது கிட்டத்தட்ட இன்னொரு ஃபுல்பேக். பந்து அந்தப் பக்கம் போகும்போது இவர் உள்ளே சுருங்குகிறார், இந்தப் பக்கம் வரும்போது கோட்டை ஒட்டி வெளியே ஓடுகிறார், மணிக்கணக்காக அதே ஓட்டம். பிக்கே 84 ஆவது நிமிடத்தில் அடித்தார், அதற்கு மேல் நடக்கவில்லை. இதைப் பஸ் பார்க்கிங் என்று திட்டுபவர்கள் திட்டட்டும். பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த பார்சிலோனாவைத் தாங்குவதை வேறு எப்படிச் செய்வது?

நான்காவது, உடைந்த அணி எப்படி இருக்கும் என்று பார்க்க, 2018 டிசம்பர் 16, லிவர்பூல் 3, யுனைடெட் 1. டிஃபென்ஸுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை இடைவேளைக்குப் பின் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மாற்று ஆளாக வந்த ஷகீரி 73, 80 ஆவது நிமிடங்களில் அடித்த இரண்டு கோலும் டிஃபெண்டர்கள் மேல் பட்டுத் திரும்பி உள்ளே போனவை. துரதிர்ஷ்டம் என்று தோன்றும். ஆனால் பெட்டிக்குள் அத்தனை பேர் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஷகீரி யாரும் நெருங்காமல் உதைக்கிறார். இரண்டு நாளில் வேலை போனது.


லெஃப்ட்பேக் எழுதியது:

ரோமாவை எல்லோரும் ஓரமாக ஒதுக்கிவிட்டீர்கள். மூணாவது சீசனுக்கு அதுவும் நல்ல சாட்சி. 2022 மே 25 அன்று திரானாவில் ஃபெயனூர்டை 1-0 என்று வென்று ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கோப்பையான கான்ஃபரன்ஸ் லீக். 2023 மே 31 அன்று புடாபெஸ்டில் செவில்யாவிடம் பெனால்டியில் தோல்வி, சூப்பர் கப்பை விட்டுவிட்டால் ஐரோப்பிய இறுதிகளில் அவர் தோற்ற முதல் மேட்ச். அதற்குச் சில நாள் கழித்து லீக்கின் கடைசி மேட்ச்சில் ஸ்ட்ரைக்கர் டாமி ஆபிரகாமின் முழங்கால் போனது. ஆகஸ்டில் மாட்டிச் ரென்னுக்குக் கிளம்பினார். செப்டம்பரில் ஸ்மாலிங் காயத்தில் உட்கார்ந்தார். லுகாகு கடனாக வந்து கோல் அடித்தார், சரி. ஆனால் சென்டர்பேக், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர் மூவரும் ஒரே கோடையில் மாறினால் சுவீப்பர் சொன்ன நேர்கோட்டில் என்ன மிச்சம்?

ஒரு சின்னத் திருத்தமும். ‘சொந்த மைதானத்தில் ஒன்பது வருஷம் தோற்கவில்லை’ என்ற சாதனையை செல்சிக்கு மட்டும் சொந்தமாக்கிச் சிலர் எழுதுகிறார்கள். அது லீக் மேட்ச்களுக்கு மட்டும், நாலு கிளப் சேர்ந்தது. 2002 பிப்ரவரியில் பெய்ரா-மாரிடம் போர்ட்டோ 2-3 என்று தோற்றதற்குப் பின் தொடங்கி, 2011 ஏப்ரல் 2 அன்று ஸ்போர்ட்டிங் கிஹோன் ரியலை 1-0 என்று தோற்கடித்தபோது முடிந்தது. போர்ட்டோ 38, செல்சி 60, இன்டர் 38, ரியல் 14, மொத்தம் 150.


நடுக்கோடு எழுதியது:

இந்த 150 எனக்குத் தெரியாது. லாட்ஸியோ மேட்ச்சிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோஸ்டின்யாவை மட்டும் பார்த்தால் போதுமா, டெக்கோவையும் சேர்த்துப் பார்க்கணுமா?


சுவீப்பர் எழுதியது:

முதல் பாதி கோஸ்டின்யா, இரண்டாம் பாதி டெக்கோ. ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் பார்க்க முயன்றால் பந்து பின்னாடியே கண் போய்விடும். டெக்கோவிடம் பந்து வரும்போது அவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பாதி நேரம் பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்து முடித்திருப்பார்.